சக்கரம் மேலே இருக்கும்போது

பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் ரயில் சத்தம் உள்ளே வரும். கே.எல். சென்ட்ரல் திறந்தது 2001இல். அதற்கு முன் அந்த இடம் முழுக்க ரயில் யார்டு. பெட்டிகளைக் கோப்பதும் பிரிப்பதும், ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிடுவதும் ராப்பகலாக நடந்த இடம். சிலாங்கூரின் முதல் ரயில் பாதை 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரையில் இருக்கும் புக்கிட் கூடாவுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. அன்றிலிருந்து மூன்று நான்கு தலைமுறைத் தமிழர்கள் இந்தத் தண்டவாளத்தை நம்பிப் பிழைத்தார்கள். என் தாத்தாவும் அப்படித்தான். கிள்ளான் பக்கம் ஒரு சிக்னல் கேபினில் லீவர் இழுத்து, ரயிலைத் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்டைத் திருப்புகிற வேலை.

பள்ளி விடுமுறையில் அவரிடம் ஒருமுறை கேட்டேன்: "தாத்தா, ரயில் பாயிண்ட் மேல மெதுவாத்தானே போகுது? அப்பவே லீவர இழுத்தா நேரம் மிச்சம்தானே?"

"மெதுவாப் போனா என்னடா? சக்கரம் மேல இருக்கில்ல? முன்சக்கரம் இந்தப் பக்கம், பின்சக்கரம் அந்தப் பக்கம் போயிரும்."

பிறகு விளக்கினார். பிரிட்டிஷ் பாணிப் பாயிண்ட்களில் தண்டவாளத்தின் உள்பக்கம் ஒட்டி நீளமாக ஒரு இரும்புப் பட்டை படுத்திருக்கும். பாயிண்ட்டின் பூட்டைத் திறக்க வேண்டுமானால் அந்தப் பட்டை மேலே எழும்பி இறங்க வேண்டும். மேலே சக்கரம் நின்றால் அதன் விளிம்பு பட்டையை எழவிடாது. கேபினில் இருப்பவர் எவ்வளவு இழுத்தாலும் லீவர் அசையாது. பட்டை ஏன் அவ்வளவு நீளம்? பெட்டியின் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் மிக நீண்ட இடைவெளியைவிட அது நீளமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்சக்கரம் தாண்டி, பின்சக்கரம் வந்து சேராத அந்த ஒரு கணத்தில் பூட்டு ஏமாந்துவிடும். அதுவும் போதாதென்று கடைசிப் பெட்டியின் வால் விளக்கைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ரயில் முழுதாகப் போய்விட்டதாகக் கணக்கு.

நான் கணினி வேலைக்குப் போய், சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் இரவுப் பணியில் பல வருஷம் கழித்த பிறகுதான், லினக்ஸ் கெர்னல் எழுதுகிறவர்கள் இதே பட்டையை வேறு உலோகத்தில் மறுபடி செய்திருப்பதைக் கண்டேன்.

கெர்னல் என்பது கணினியின் அடித்தள நிரல். மின்சாரம் போட்டதும் ஓடத் தொடங்கி, அணைக்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். நினைவகத்தைப் பங்கிடுவதும், வட்டில் எழுதுவதும், நெட்வொர்க்கில் வரும் பொட்டலங்களை வாங்கி உரியவரிடம் கொடுப்பதும் அதன் வேலை. மற்ற எந்த நிரலையும் நிறுத்திவிட்டுத் திருத்தலாம். இதை நிறுத்தினால் எல்லாமே நின்றுவிடும். ஆனால் இதிலும் ஓட்டை விழும், அடைத்தாக வேண்டும். சில சமயம் ஓட்டைகூட இல்லை, உள்ளே என்னதான் நடக்கிறது என்று எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். ரீபூட் செய்யலாமே என்றால், வங்கிப் பரிமாற்றமோ டோல் சாவடிக் கணக்கோ ஓடும் சர்வரை ரீபூட் செய்ய மூன்று பேர் கையெழுத்தும் ஒரு ஞாயிறு விடியற்காலையும் வேண்டும். ஆகவே ஓட ஓடவே மாற்றுவது.

ஒரே பிராசசர் இருந்த காலத்தில் இது பெரிய விஷயமே இல்லை. மாற்றுகிறவனும் அவன்தான், ஓடுகிறவனும் அவன்தான். நடுவில் வந்து வேலையை இடைமறிக்கும் குறுக்கீடுகளைச் சற்று மூடி வைத்துவிட்டு, எழுத வேண்டியதை எழுதிவிட்டு, மேலே நடந்தால் முடிந்தது. ஒற்றைத் தண்டவாளம், ஒற்றை ரயில், ஓட்டுநரே இறங்கிப் பாயிண்ட்டைத் திருப்பிவிட்டு மறுபடி ஏறிக்கொள்வதுபோல.

என் மேசை டிராயரில் ஒரு பழைய பிராசசர் கிடக்கிறது. லோ யாட் பிளாசாவில் வாங்கிய கணினியிலிருந்து கழற்றியது. தீப்பெட்டியைவிடச் சிறிய வெள்ளி மூடி, அதில் 2.40 கிகாஹெர்ட்ஸ் என்றும் அதன் பக்கத்திலேயே 'மலாய்' என்றும் பொறித்திருக்கும். இன்டெல் 1972இல் பினாங்கில் ஆலை தொடங்கியது, அமெரிக்காவுக்கு வெளியே அதன் முதல் ஆலை. உலகம் முழுக்கப் பரவிய எத்தனையோ பிராசசர்களின் நெற்றியில் நம் நாட்டுப் பெயர் அப்படித்தான் ஏறியது. அந்தச் சிறு மூடிக்குள் இரண்டு கோர்கள், அதாவது தனித்தனியே ஓடும் இரண்டு பிராசசர்கள். ஒவ்வொன்றும் வினாடிக்கு 240 கோடி துடிப்பு. இரண்டும் ஒரே நினைவகத்தில் உள்ள ஒரே கெர்னலைத் தனித்தனியாகப் படித்து ஓடுகின்றன. ஒன்று நின்று எழுதும்போது இன்னொன்று எங்கே இருக்கிறது? அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். இன்டெல் வகைப் பிராசசர்களில் ஒரு கட்டளை ஒரு பைட்டாகவும் இருக்கலாம், 15 பைட் வரையும் நீளலாம். 'இங்கே ஒன்றும் செய்யாதே, தாண்டிப் போ' என்ற ஐந்து பைட் கட்டளை ஒன்று உண்டு. பைட்களை எண்ணாக எழுதினால் 15, 31, 68, 0, 0. இந்தச் 'சும்மா இரு' கட்டளையை லினக்ஸ் தன் பெரும்பாலான செயற்கூறுகளின் (ஒவ்வொரு வேலைக்கும் உரிய நிரல் துண்டுகளின்) வாசலில் காலியிடமாக விட்டு வைக்கிறது. கண்காணிக்க வேண்டும் என்று நாம் சொன்னால், அந்த இடத்தில் 'இன்ன இடத்துக்குப் போய்விட்டு வா' என்ற கட்டளை ஏறும். அதுவும் ஐந்து பைட்: முதலில் 232, அடுத்த நாலு பைட்டில் எவ்வளவு தூரம் என்ற எண்.

இப்போது முதல் கோர் இதை ஒவ்வொரு பைட்டாக எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். 232 எழுதியாயிற்று, மற்ற நாலும் இன்னும் பழையவை. நினைவகத்தில் நிற்பது 232, 31, 68, 0, 0. சரியாக அந்த நொடியின் துகளில் இரண்டாவது கோர் அங்கே வந்து படிக்கிறது. 'போய்விட்டு வா, தூரம் 31, 68, 0, 0.' கணக்குப் போட்டால் 68 பெருக்கல் 256, கூட்டல் 31. அதாவது 17,439 பைட் தள்ளி. பிராசசர் தயங்காது. பிழை என்று கத்தாது. அரைகுறைக் கட்டளையும் அதற்கு முழுக் கட்டளைதான். 17,439 பைட் தள்ளி ஏதோ ஒரு செயற்கூறின் வயிற்றில் போய் இறங்கி, அங்கே இருப்பதைச் செய்யத் தொடங்கும். அங்கே கோப்பை அழிக்கிற வேலை இருந்தால் அழிக்கும். முன்சக்கரம் இந்தப் பக்கம், பின்சக்கரம் அந்தப் பக்கம்.

ஐந்து பைட்டையும் ஒரே வீச்சில் எழுதினாலும் நிம்மதி இல்லை. பிராசசர் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படிப்பதில்லை. முன்கூட்டியே பத்துப் பதினைந்து அள்ளி வாய்க்குள் போட்டுக்கொண்டுதான் மெல்லுகிறது. நினைவகத்தில் எழுத்து மாறிய பிறகும் அதன் வாயில் பழையது இருக்கலாம். பழையதில் பாதி புதியதில் பாதி என்றும் இருக்கலாம். ஒரு கோர் ஓடிக்கொண்டிருக்கும் கட்டளையை இன்னொரு கோர் மாற்றுவதானால் முறையாக ஒத்திசைத்துத்தான் செய்ய வேண்டும், இல்லையென்றால் விளைவுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்ற பொருளில் இன்டெல் தன் கையேட்டிலேயே எழுதி வைத்திருக்கிறது.

முரட்டு வழி ஒன்று உண்டு. எல்லாக் கோர்களையும் நிறுத்திவிடுவது. எல்லோரும் குறுக்கீடுகளை மூடிக்கொண்டு ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டே நிற்க, ஒருவர் மட்டும் எழுதுவார். எழுதி முடித்ததும் எல்லோரையும் அவிழ்த்து விடுவார். லினக்ஸில் இதன் பெயரே 'இயந்திரத்தை நிறுத்து'. பெடரல் நெடுஞ்சாலையில் பெரிய மனிதர் கார்வலம் போவதற்காகக் கிள்ளான் வரை வாகனங்களைக் கட்டிப்போடுகிற மாதிரி. இரண்டு கோர் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். நூறு கோர் இருக்கிற சர்வரில் ஒவ்வொரு சின்னத் திருத்தத்துக்கும் நூறு பேரையும் ஒரே நேரத்தில் கூட்டி நிறுத்துவது எனக்கு என்றுமே பிடிக்காத வழி. அது சரியாக வேலை செய்யும் என்பதும் உண்மை.

நுட்பமான வழிக்கு விதை போட்ட இடங்களில் ஒன்று பெங்களூரு. ஐ.பி.எம். நிறுவனத்தின் லினக்ஸ் தொழில்நுட்ப மையத்துக்கு அங்கே ஒரு குழு இருந்தது. ஓடும் கெர்னலில் எந்த இடத்திலும் ஒரு கண்காணிப்பு ஊசி செருகும் 'கேபுரோப்ஸ்' என்ற ஏற்பாட்டை அவர்கள் எழுதினார்கள். இன்றும் கெர்னலின் மூலக் கோப்பைத் திறந்தால் தலைப்பிலேயே வரலாறு இருக்கிறது: 2002 அக்டோபரில் வம்சி கிருஷ்ணா தொடங்கியது, 2004 ஜூலையில் சுபர்ணா பட்டாச்சார்யா சேர்த்தது, அதே ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரில் பிரசன்னா பஞ்சமுகி திருத்தியது. 2004இல் வெளிவந்த 2.6.9 பதிப்பில் இது லினக்ஸின் அங்கமானது. கோலாலம்பூரிலிருந்து நாலு மணி நேர விமானப் பயணத் தூரத்தில் இருக்கும் ஊரில், நம்மைப் போன்றவர்கள் உட்கார்ந்து எழுதிய வரிகள் உலகத்தின் லினக்ஸ் சர்வர்களில் எல்லாம் ஓடுகின்றன. இது நம் பத்திரிகைகளில் ஒரு துணுக்காகக்கூட வந்து நான் பார்த்ததில்லை.

அவர்கள் பிடித்துக்கொண்டது 204 என்ற ஒற்றை எண். இன்டெல் வகைப் பிராசசர்களில் 204 என்பது 'நில், மேலிடத்தைக் கேள்' என்ற கட்டளை. பிழை தேடும் மென்பொருள்களுக்காகவே உண்டாக்கியது. இதன் அழகு இதன் நீளத்தில் இருக்கிறது: ஒரே ஒரு பைட். ஒரு பைட்டை யாராலும் பாதி எழுத முடியாது. இன்னொரு கோர் பார்த்தால் பழையதைப் பார்க்கும் அல்லது 204ஐப் பார்க்கும், நடுவில் ஒன்றும் கிடையாது. ஐந்து பைட் கட்டளையின் தலையில் 204 போட்டுவிட்டால் அதற்குப் பின்னால் இருக்கும் நாலு பைட்டை எவரும் படிக்கப்போவதில்லை. தண்டவாளத்துக்குக் குறுக்கே நட்ட சிவப்புக் கொடி.

ஊசி செருக வேண்டிய இடத்தில் முதல் பைட்டை எடுத்து வைத்துக்கொண்டு 204 போடு. எந்தக் கோர் அங்கே வந்தாலும் நிற்கும். கெர்னலின் கையாளும் பகுதி எழுந்து, 'இது நம் ஊசி' என்று தெரிந்துகொண்டு, பார்க்க வேண்டியதைப் பார்க்கும். பிறகு அந்தக் கோரை வழியனுப்ப வேண்டும். எப்படி? மூலக் கட்டளையை மறுபடி அதன் இடத்தில் வைத்து, ஒரே ஒரு அடி நடக்க விட்டு, மறுபடி 204 போடலாம். ஒற்றைப் பிராசசரில் இது போதும். ஆனால் 204ஐ எடுத்து மறுபடி போடும் அந்தக் கண்ணிமைப்பில் இன்னொரு கோர் கொடியே இல்லாத பாதையில் நழுவிப் போய்விடும். ஊசி அதைப் பார்க்கவே பார்க்காது.

ஆகவே அவர்கள் கொடியை எடுப்பதே இல்லை. மூலக் கட்டளையின் நகல் ஒன்றை நினைவகத்தின் வேறு மூலையில் முன்கூட்டியே செய்து வைத்துவிடுகிறார்கள். வந்து நிற்கும் கோரை அந்த மூலைக்கு அழைத்துப்போய், நகலை ஒரே ஒரு அடி நடக்க வைத்து, மூலப் பாதையில் அடுத்த கட்டளையில் கொண்டுவந்து விடுகிறார்கள். சொல்வதற்கு எளிது. ஆனால் சில கட்டளைகள் 'நான் இருக்கும் இடத்திலிருந்து இத்தனை பைட் தள்ளி இருக்கும் தகவலை எடு' என்று சொல்லும். நகலை வேறு இடத்தில் வைத்தால் 'நான் இருக்கும் இடம்' மாறிவிடுகிறதே! அதனால் நகலுக்குள் இருக்கும் தூரக் கணக்கையும் திருத்தி எழுத வேண்டும். வீடு மாறியவன் 'எங்க வீட்டுக்கு எதிர்த்த கடை' என்று பழைய பழக்கத்தில் சொன்னால் புரிந்துகொண்டு திருத்துகிற மாதிரி.

இன்னொரு வேடிக்கை. 204ஐக் கையாளும் பகுதிக்குள்ளேயே யாராவது ஊசி செருகினால்? அது கொடியைப் பார்க்கும், தன்னையே கூப்பிடும், மறுபடி கொடியைப் பார்க்கும். வேலி பயிரை மேய்வதுகூட இல்லை, வேலி வேலியையே மேய்கிற கதை. அதற்காகவே 'இங்கே ஊசி செருகக் கூடாது' என்று சில செயற்கூறுகளுக்கு முத்திரை குத்தி வைத்திருக்கிறார்கள்.

ஆரம்பத்தில் ஒரே ஒரு பூட்டுதான் இருந்தது. ஒரு நேரத்தில் ஒரு கோர்தான் ஊசியைக் கையாள முடியும். கோர் எண்ணிக்கை கூடக் கூட அங்கே வரிசை நின்றது. 2005இல் ஆனந்த் மாவினகாயனஹள்ளி முதலியோர் அந்தப் பூட்டை அவிழ்த்துவிட்டு 'ஆர்.சி.யு.' என்ற முறைக்கு மாற்றினார்கள். ஆர்.சி.யு.வைப் பால் மெக்கென்னியோடு சேர்ந்து லினக்ஸுக்குக் கொண்டுவந்தவர் ஐ.பி.எம்.மின் இந்தியக் குழுவைச் சேர்ந்த தீபங்கர் சர்மா. அதன் சாரம் நம் கேபின்காரருக்குத் தெரிந்ததுதான். பழையதை உடனே அழிக்காதே. புதியதைக் காட்டு, இனி வருகிறவர்கள் புதிய பாதையில் போவார்கள். முன்பே உள்ளே நுழைந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது வெளியே வந்துவிட்டார்கள் என்று தெரியும்வரை காத்திரு. பிறகு பழையதை எடு. வால் விளக்கைப் பார்.

204க்கும் ஒரு குறை உண்டு. அது மெதுவானது. ஒவ்வொரு முறையும் நின்று, மேலிடத்துக்குப் போய், திரும்பி வர வேண்டும். எப்போதாவது மிதிபடும் இடத்துக்குப் பரவாயில்லை. வினாடிக்கு லட்சம் முறை மிதிபடும் இடத்தில் ஐந்து பைட் 'போய்விட்டு வா' கட்டளைதான் வேகம். அதை எழுதத்தான் அந்தப் பழைய 'இயந்திரத்தை நிறுத்து'.

அந்த முரட்டு வழியும் முழுக்காப்பு அல்ல என்று 2008இல் தெரிந்தது. 2.6.27 பதிப்பின் சோதனை ஓட்டம் நடந்துகொண்டிருந்தது. அதை நிறுவிப் பார்த்த சிலருடைய கணினிகளில் இன்டெல் நெட்வொர்க் அட்டைகள் செத்துப்போயின. தற்காலிகமாக அல்ல, அட்டைக்குள் அதன் அடையாளத்தையும் அமைப்பையும் தாங்கியிருக்கும் நிலைநினைவகமே அழிந்துபோனது. பழைய கெர்னலுக்குத் திரும்பினாலும் அட்டை எழவில்லை. அந்த அட்டையை ஓட்டும் நிரலான 'இ1000இ' என்ற இயக்கியின் மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். வாரக்கணக்கில் அதைக் குடைந்தார்கள்.

குற்றவாளி அங்கே இல்லை. செயற்கூறுகளின் வாசலைக் கண்காணிக்கும் 'எஃப்டிரேஸ்' என்ற புதிய ஏற்பாடு அப்போதுதான் சேர்ந்திருந்தது. எழுதியவர் ஸ்டீவன் ரோஸ்டெட். அன்றைய அமைப்பில், ஒரு செயற்கூறு முதல் தடவை ஓடும்போது அதன் வாசல் முகவரி ஒரு பட்டியலில் ஏறும். வினாடிக்கு ஒருமுறை ஒரு பணியாள் எழுந்து, எல்லாக் கோர்களையும் நிறுத்திவிட்டு, பட்டியலில் உள்ள முகவரிகளுக்குப் போய் 'சும்மா இரு' கட்டளையை எழுதுவான். இப்போது ஒரு இயக்கி நினைவகத்தில் ஏறும்போது அதன் தொடக்கப் பகுதி ஒருமுறை ஓடிவிட்டு, இனி தேவையில்லை என்று விடுவிக்கப்படும். முகவரி மட்டும் பட்டியலில் தங்கிவிட்டது. காலியான அந்த முகவரியில், பணியாள் எழுவதற்கு முன், நெட்வொர்க் அட்டையின் நிலைநினைவகம் குடிவந்துவிட்டது.

பணியாள் மடையன் அல்ல. எழுதுவதற்கு முன் ஒப்பிட்டுப் பார்த்தான். 'நான் எதிர்பார்ப்பது இங்கே இருந்தால் மட்டும் மாற்று' என்ற ஒரே கட்டளையால்தான் வேலை செய்தான். ஆனால் இன்டெல் பிராசசரில் அந்தக் கட்டளைக்கு ஒரு குணம் உண்டு: ஒப்பீடு தோற்றாலும் அது பேசாமல் இருக்காது, படித்ததையே திரும்ப ஒருமுறை எழுதிவிடும். சாதாரண நினைவகத்தில் இருந்ததையே எழுதினால் யாருக்கு நஷ்டம்? ஆனால் சாதன நினைவகத்தில் 'எழுதுதல்' என்பதே ஒரு செயல். அட்டை அதைத் தனக்கு வந்த உத்தரவாக எடுத்துக்கொண்டது.

எல்லாக் கோர்களும் கைகட்டி நின்றபோதே நடந்த விபத்து இது. எல்லோரையும் நிறுத்தியாயிற்று; ஆனால் பாயிண்ட் இருந்த இடத்தில் பாயிண்ட்டே இல்லை, வேறொருவர் வீடு கட்டியிருக்கிறார். அக்டோபர் 9இல் 2.6.27 வெளிவந்தது; சில நாட்களில் வந்த 2.6.27.1 திருத்தப் பதிப்பில்தான் அந்த ஏற்பாட்டை முடக்கினார்கள். அடுத்த பதிப்பிலிருந்து வாசல் முகவரிகளை ஓடும்போது சேகரிக்காமல், நிரலைத் தொகுக்கும்போதே எடுத்து வைத்துக்கொள்ளும் முறை வந்தது. இயக்கி போனால் அதன் முகவரிகளும் பட்டியலிலிருந்து போகும். எழுதுவதற்கு முன் அங்கே உள்ள பைட்களைப் படித்துப் பார்த்து, எதிர்பார்த்தது இல்லையென்றால் எஃப்டிரேஸ் தன்னைத் தானே முடக்கிக்கொண்டு விலகிவிடும்.

பிறகு 2012இல், 3.5 பதிப்பில், இரண்டு சிந்தனையும் ஒன்று சேர்ந்தன. ஐந்து பைட் எழுத ஏன் எல்லோரையும் நிறுத்த வேண்டும்? பெங்களூருக்காரர்கள் பயன்படுத்திய அதே 204ஐத் தற்காலிகக் கொடியாக நட்டால் போதாதா?

முதலில் முதல் பைட்டில் 204. உடனே எல்லாக் கோர்களுக்கும் ஒரு தட்டு: 'வாயில் இருப்பதைத் துப்பிவிட்டு நினைவகத்திலிருந்து புதிதாகப் படி.' யாரும் நிற்க வேண்டியதில்லை, ஒரு விக்கல்தான். இப்போது அந்த இடத்துக்கு எவர் வந்தாலும் கொடியைப் பார்ப்பார்கள், பின்னால் உள்ள நாலு பைட் யார் கண்ணிலும் படாது. ஆகவே அந்த நாலையும் ஆற அமர எழுதலாம். எழுதியதும் மறுபடி ஒரு தட்டு. கடைசியாகக் கொடியைப் பிடுங்கிவிட்டு அங்கே 232ஐ வைக்க வேண்டும். அது ஒரே பைட், பாதி நிலை கிடையாது. மூன்றாவது தட்டு. முடிந்தது.

நடுவில் கொடியில் வந்து முட்டிய கோர் என்ன செய்யும்? கையாளும் பகுதிக்கு அது தன் முகவரியைச் சொல்லும். அது 204ஐத் தாண்டிய முகவரி, ஒன்றைக் கழித்தால் கொடி நட்ட இடம். 'இந்த இடத்தில் இப்போது வேலை நடக்கிறது' என்று அட்டவணையில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அந்தக் கட்டளை செய்திருக்க வேண்டியதைக் கையாலேயே செய்து காட்டி அனுப்பிவிடும். பல்லாயிரம் வாசல்களை மாற்ற வேண்டுமானால் எல்லாவற்றிலும் கொடி, ஒரே தட்டு. எல்லாவற்றிலும் வால்பகுதி, ஒரே தட்டு. 2013இல் யிரி கோசினா இதைப் பொதுக் கருவியாக்கினார்; கெர்னலின் மற்றப் பகுதிகளும் எடுத்துக்கொண்டன.

இதில் நான் வியப்பது இரண்டு சின்ன இடங்களை. கெர்னலின் நிரல் பகுதி எழுத முடியாதபடி பூட்டித்தான் இருக்கும். திருடன் கையில் சிக்காமல் இருக்க. அப்படியானால் கெர்னலே எப்படி எழுதுகிறது? அதே நினைவகத் துண்டுக்கு இன்னொரு முகவரியைத் தற்காலிகமாகத் திறந்து, அந்தப் பின்கதவு வழியாக எழுதிவிட்டு, கதவையே அழித்துவிடுகிறது. இன்னொன்று, காலியிடத்தை நிரப்ப ஒற்றைப் பைட் 'சும்மா இரு' கட்டளை ஒன்றும் உண்டு, எண் 144. அதையே ஐந்து முறை வரிசையாக வைத்தால் ஆகாதா? ஆகாது. ஒரு பணி இரண்டாவது 144க்கும் மூன்றாவது 144க்கும் நடுவில் தூங்கப் போயிருக்கலாம். அது விழிப்பதற்குள் ஐந்து பைட்டும் ஒரே கட்டளையாகிவிட்டிருக்கும். விழித்தவன் கட்டளையின் வயிற்றில் நிற்பான். ஐந்து பைட்டும் ஒரே கட்டளையாக இருந்தால் நடுவில் நிற்க இடமே கிடையாது. சக்கர இடைவெளியைவிட நீளமான பட்டை.

ஒரு கட்டளையை மாற்றும் கலை கைவந்த பிறகு, ஒரு செயற்கூறையே மாற்றுவது அடுத்த படி. எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த ஜெஃப் ஆர்னால்ட், ரீபூட்டைத் தள்ளிப்போட்டதால் ஒரு சர்வருக்குள் ஊடுருவல் நடந்த அனுபவத்திலிருந்து 'கேஸ்ப்ளைஸ்' என்பதைச் செய்தார்; 2008இல் வெளிவந்தது, 2011இல் ஆரக்கிள் வாங்கிக்கொண்டது. 2014இல் சூசே நிறுவனமும் ரெட் ஹாட்டும் தனித்தனியே ஒவ்வொன்று கொண்டுவந்தன. இரண்டுக்கும் பொதுவான அடித்தளம் 2015 ஏப்ரலில், 4.0 பதிப்பில், 'லைவ்பேட்ச்' என்ற பெயரில் கெர்னலுக்குள் நுழைந்தது. ஓட்டையுள்ள செயற்கூறின் வாசலில் இருக்கும் அந்த ஐந்து பைட்டை மாற்றி, வருகிறவர்களைப் புதிய செயற்கூறுக்குத் திருப்பிவிடுவதுதான் இதன் வேலை. பழையது நினைவகத்தில் அப்படியே கிடக்கும்.

ஆனால் ஏற்கெனவே பழைய செயற்கூறுக்குள் நுழைந்து, உள்ளே எதற்காகவோ காத்துத் தூங்கிக்கொண்டிருக்கும் பணிகள் இருக்குமே? பழையது ஒரு ஒழுங்கில் பூட்டுப் போட, புதியது வேறு ஒழுங்கில் போட்டால் இரண்டும் கலந்து முட்டிக்கொள்ளும். 2017இல், 4.12 பதிப்பில், இதற்கு வழி வந்தது. ஒவ்வொரு பணிக்கும் தனித்தனிச் சீட்டு: நீ பழைய உலகமா, புதிய உலகமா? ஒரு பணி வந்த வழித்தடத்தைப் பின்னோக்கிப் பார்த்து, அதில் மாற்றப்படும் செயற்கூறு எதுவும் இல்லையென்றால் அதைப் புதிய உலகுக்கு மாற்று. கெர்னலை விட்டு வெளியேறும் எல்லைக்கோட்டில் வந்தாலும் மாற்று. இரண்டும் இல்லாமல் உள்ளேயே தூங்குகிறவர்களை அவ்வப்போது மெல்ல உலுக்கு.

இது எனக்கு வெறும் படிப்பாக இல்லாமல் போனது ஒரு வெள்ளிக்கிழமை இரவு. நான் அப்போது வேலை பார்த்த இடத்தின் பெயர் வேண்டாம். ஓட்டை அடைக்கும் பேட்ச் ஒன்றை இரவு இரண்டரைக்கு ஏற்றினேன். மாற்றம் முடிந்ததா என்று சொல்ல ஒரு சின்னக் கோப்பு இருக்கிறது. நடந்துகொண்டிருந்தால் 1, முடிந்தால் 0. வழக்கமாகச் சில வினாடிகளில் 0 ஆகிவிடும். அன்று 1. தேடிப் பார்த்தால், பல நூறு பணிகளில் ஒன்றே ஒன்று பழைய உலகில் நின்றது: காப்புப் பிரதி எடுக்கும் நிரல். பதில் சொல்லாமல் தொங்கிய ஒரு நெட்வொர்க் வட்டுக்காக, உலுக்கினாலும் எழாத தூக்கத்தில் இருந்தது. மற்ற எல்லோரும் புதிய செயற்கூறில் ஓட, அது ஒன்றுக்காகக் கெர்னல் பழையதையும் வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தது.

வலுக்கட்டாயமாக முடித்துவிடவும் ஒரு வழி உண்டு. அதைப் பயன்படுத்தினால் பொறுப்பு உன்னுடையது. கூட இருந்த தம்பி, "அண்ணே, ஒண்ணுதானே, தள்ளிவிட்டுரலாமா?" என்று கேட்டான். "சக்கரம் மேல இருக்குடா" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. கீழே போய் இரண்டு தே தாரிக் தாப்பாவ் கட்டி வரச் சொன்னேன். வட்டின் பக்கம் போன கேபிளைத் தேடிப் பிடித்து, அந்தப் பக்க சர்வரை எழுப்பி, நான்கே முக்காலுக்கு மறுபடி கோப்பைத் திறந்தேன். 0.